110 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் 11,000 பவுண்டு டிரெய்லர்: டீசல் பிக்கப் தாங்குமா?

ஜூன் 9, 2024 – வாசகர் கேள்வி

அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் இருக்கிறோம். போன மாதம் பழைய டீசல் பிக்கப் வாங்கினேன், முக்கால் டன் வகை, 6.7 லிட்டர் இன்ஜின். கூடவே உள்ளேயே தங்குகிற 32 அடி டிரெய்லர், அதுவும் பழையதுதான். சாமான் ஏற்றினால் 11,000 பவுண்டு வரும். ஜூலை முதல் வாரம் பிள்ளைகளோடு மலைமேல் இருக்கிற ஃபிளாக்ஸ்டாஃப் போய்த் தங்கலாம் என்று திட்டம். விற்றவர் "இது மலையையே இழுக்கும்" என்றார். அலுவலகத்தில் ஒருவர், ஐ-17 நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஜூலையில் இன்ஜின் கொதிக்கும், ஏசியை அணைத்துவிட்டுத்தான் ஏறணும் என்கிறார். யார் சொல்வது சரி?

ஜூன் 9, இரவு 10.15 – பதில்

வண்டி இழுக்கும். எந்த வேகத்தில் இழுக்கும் என்பதுதான் கேள்வி.

அந்தச் சாலையில் ஒன்பது கோடையாக டிரெய்லர் இழுத்திருக்கிறேன். என்னுடையது ஒரு டன் வகை டீசல் பிக்கப், பின்னால் 13,500 பவுண்டு ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் பெட்டிக்குள் மாட்டி இழுக்கிற டிரெய்லர். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 1,100 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி. நடுவில் 145 மைல்தான். ஒரே சீராக ஏறினால் பயமே இல்லை. பிளாக் கேன்யன் சிட்டி வரை சும்மா போகும் சாலை, அங்கிருந்து சன்செட் பாயின்ட் ஓய்விடம் வரை சட்டென்று சுவர் மாதிரி எழும்பும். அப்புறம் கொஞ்சம் சமவெளி, பிறகு கேம்ப் வெர்டேக்கு நீளமான இறக்கம். ஏறின உயரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஃபிளாக்ஸ்டாஃப்புக்கு மறுபடி ஏறணும். இரண்டாவது ஏற்றம்தான் பெரியது. ஆனால் அங்கே காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கும். ஆளைப் பிடிப்பது முதல் ஏற்றம், ஏனென்றால் அது வெயிலின் அடிவயிற்றில் இருக்கிறது.

ஜூன் 10, காலை 5.30

ஏசி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அணைக்க வேண்டாம்.

பிக்கப் கம்பெனிகள் "இவ்வளவு பவுண்டு இழுக்கும்" என்று போடுகிற எண்ணுக்கு எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 என்று ஒரு பொது விதி இருக்கிறது. 2008-ல் வந்தது. அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு கணக்கு. 2011 மாடலில் டொயோட்டா முதலில் ஏற்றுக்கொண்டது, மற்றவர்கள் சில வருடம் கழித்து வந்தார்கள். அந்த விதியில் வருகிற மலை நம் அரிசோனாவில்தான் இருக்கிறது: புல்ஹெட் சிட்டி பக்கம் டேவிஸ் அணையிலிருந்து ஏறுகிற மாநில நெடுஞ்சாலை 68. 11.4 மைலில் ஏறத்தாழ 3,000 அடி ஏற்றம். குறைந்தது 100 டிகிரி வெயில் இருக்கணும், ஏசி முழு வீச்சில் ஓடணும், பின்னால் ஒற்றை டயர் வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இரட்டை டயர் வண்டி 35-க்குக் கீழே இறங்கக் கூடாது. எதுவும் பழுதாகக் கூடாது.

ஏசி ஓடிக்கொண்டே அந்த மலையை ஏறித்தான் அந்த எண்ணை வாங்கியிருக்கிறார்கள். அதே சாலையில் "ஏசியை அணையுங்கள்" என்று பலகையும் இருக்கிறது. அது எல்லா வண்டிக்கும் பொதுவாக வைத்தது, பழைய கார்களையும் சேர்த்து.

ஜூன் 10, மதியம்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்படியானால் 100 டிகிரியில் சோதித்த வண்டி 115-ல் என்ன ஆகும்?"

சரியான கேள்வி. விதி 100 என்பதைக் கீழ் எல்லையாகத்தான் வைத்திருக்கிறது. 115-ல் என்ன ஆகும் என்று அந்த எண் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. 40 மைல் என்பதையும் கவனியுங்கள். விளம்பரத்தில் வருகிற எடையை 65-ல் ஏற்றும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 11, இரவு

பிள்ளைகள் தூங்கியதும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உங்கள் வண்டி, டிரெய்லர், ஆட்கள், தண்ணீர் எல்லாம் சேர்த்து வட்டமாக 20,000 பவுண்டு என்று வைப்போம். ஏற்றம் நூற்றுக்கு 6.

மேலே தூக்குவதற்கு மட்டும் 60 மைல் வேகத்தில் 192 குதிரைத்திறன் வேண்டும். 45 மைலில் 144. மலை அதே, எடை அதே. வலது காலைக் கொஞ்சம் தூக்கினால் கால்வாசி வேலை குறைகிறது.

எரிகிற டீசலில் பாதிக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடு. கொஞ்சம் புகைக்குழாய் வழியாகவும் கொஞ்சம் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போயாகணும். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டைத் தள்ளும் என்பது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 205 டிகிரி என்றால், விடியற்காலை 92 டிகிரி காற்றில் வித்தியாசம் 113. மாலை மூன்று மணிக்கு 115 டிகிரியில் வித்தியாசம் 90. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஐந்தில் ஒரு பங்கு திறன் காணாமல் போய்விடுகிறது.

எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மைலில் ஏறுகிறீர்கள் என்ற இரண்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் கம்பெனி முடிவு செய்துவிட்டது.

ஜூன் 12

மேலே போட்ட கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. அது தூக்குவதற்கான கணக்கு மட்டும். காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் தனியாகத் திறன் வேண்டும். 32 அடி டிரெய்லரின் முகம் ஒரு வீட்டுச் சுவர் அளவு. காற்றுக்குச் செலவாகும் திறன் வேகத்தின் முப்படியில் ஏறும், அதாவது 60-லிருந்து 45-க்கு இறங்கினால் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் நான் சொன்ன கால்வாசி குறைத்துச் சொன்னது. மெதுவாகப் போவதன் லாபம் இன்னும் அதிகம்.

ஜூன் 14, காலை

"ஏசி அணைக்க வேண்டாம்" என்று அடித்துச் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொன்னது சரியில்லை.

2023 ஜூலை. ஃபீனிக்ஸில் ஜூன் 30-லிருந்து ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் 110-க்குக் குறையாத மாதம் அது. சில இரவுகளில் வெப்பம் 90-க்குக் கீழே இறங்கவே இல்லை. விடியற்காலையில் கிளம்ப வேண்டியவர்கள், ஏதேதோ வேலையில் பதினொன்றரைக்குக் கிளம்பினோம். பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி ஏறத் தொடங்கினதும் ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினோடு இணைக்கிற ஃபேன் கிளட்ச் பிடித்தது. டீசல் பிக்கப்பில் அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், முன்னால் ஒரு விமானம் கிளம்புகிற மாதிரி இருக்கும். அது பிடிப்பது நல்லதுதான், வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கி ஃபேன் விடணும். அன்றைக்கு விடவே இல்லை.

கூலன்ட் 212, 218, 224. நான் 58-ல் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் லாரி வருகிறது, ஒதுங்கி நிற்கிற சாலையோரம் (ஷோல்டர்) குறுகல், மேலே போய்விடலாம் என்று ஒரு எண்ணம். 230-ல்தான் காலை எடுத்தேன். 40-க்கு இறக்கி, கியரைக் குறைத்தேன். 235 வரை போய் நின்றது. பின் சீட்டில் என் மகளுக்கு அப்போது நாலு வயது. மனைவி ஏசியை அணைக்கவா என்று கேட்டார். அணைத்தோம். மூன்று நிமிடத்தில் குழந்தையின் முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியை இறக்கினால் அடுப்புக் காற்று. உடனே ஏசியைப் போடச் சொன்னேன். வேகத்தை இன்னும் குறைத்து, அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு, 30 மைலில் ஊர்ந்து சன்செட் பாயின்ட் போய்ச் சேர்ந்தோம்.

என் முடிவு இதுதான்: சூடு ஏறினால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் இன்னும் குறையுங்கள், ஏசியைத் தொடுவது கடைசி. இன்ஜின் ஏற்றத்தில் தள்ளுகிற சூட்டோடு ஒப்பிட்டால் ஏசியின் பங்கு சின்னது. வண்டிக்குள் இருக்கும் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் ஏசி என்பது சொகுசு கிடையாது. ஆட்கள் பெரியவர்கள், விளிம்பில் நிற்கிறோம், நிறுத்த இடம் இல்லை என்றால் சில நிமிடம் அணைக்கலாம். அதையும் சேர்த்து எழுதியிருக்கணும்.

ஜூன் 14, மாலை

எதனால் கொதித்தது என்று கேட்கிறார்கள்.

வெயில் மட்டும் காரணம் இல்லை. அதே எடையோடு அதே ஏற்றத்தை முந்தின வருடம் 112 டிகிரியில் ஏறியிருக்கிறேன், 215 தாண்டவில்லை. திரும்பி வந்ததும் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். கிரில் வழியாகப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. முதலில் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர், அதன் பின்னால் டர்போ அழுத்தித் தருகிற காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர், அடுக்கிவைத்த தோசைக்கல் மாதிரி ஒன்றின் பின் ஒன்று. கண்டென்சருக்குப் பின்னால் கையை விட்டேன். பஞ்சு, பூச்சிச் சிறகு, செம்மண், எல்லாம் எண்ணெயோடு குழைந்து கம்பளி மாதிரி ஒரு போர்வை. விரலால் உரித்து எடுக்க வந்தது. ரேடியேட்டரின் கீழ்ப் பாதியில் மூன்றில் ஒரு பங்கை அது மூடியிருந்தது.

தண்ணீர் குழாயை மெதுவான வேகத்தில் வைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து அடித்துக் கழுவணும். அழுத்தமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், பிறகு காற்றே போகாது. முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. அடுத்த பயணத்தில் அதே இடத்தில், 111 டிகிரியில், 50 மைலில், 209.

பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள். இதை முதலில் பாருங்கள். கடையில் கொடுத்தால் "பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது" என்பார்கள், முன்னாலிருந்து பார்த்துவிட்டு. எனக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்.

ஜூன் 17

கேள்வி கேட்டவர், சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, அதனால் பயமில்லை என்று எழுதியிருக்கிறார்.

முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அந்த முள், ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள். மக்கள் சும்மா சும்மா பயந்து கடைக்கு வரக் கூடாது என்பதற்காக. அது நகரத் தொடங்கும்போது விஷயம் முற்றியிருக்கும். திரையில் எண்ணாகக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வண்டிக் கணினியைப் படிக்க வைத்திருக்கிற ஓபிடி சாக்கெட்டில் சொருகுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கி போனில் பாருங்கள். கூலன்ட், கியர்பாக்ஸ் எண்ணெய், இரண்டும் எண்ணாகத் தெரியணும்.

எந்த எண்ணில் பயப்படணும்? தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 15 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தாங்கும் ரேடியேட்டர் மூடி நன்றாக இருந்தால் ஏறத்தாழ 265 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் 220 என்றதும் பதற வேண்டாம். எனக்கு வழக்கம்: 215-ல் ஐந்து மைல் குறைப்பேன், 225-ல் 40-க்கு வந்துவிடுவேன், 235-ல் நிறுத்த இடம் தேடுவேன். பெரும்பாலான புது வண்டிகள் அதற்கும் மேலே போனால் தாமாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தின் நடுவில் அது நடப்பது நல்ல அனுபவம் இல்லை, அதற்கு முன்னால் நாமே குறைத்துவிடலாம்.

மூடி பழையது என்றால் மாற்றுங்கள். விலை மிகக் குறைவு. அழுத்தம் நிற்காத மூடி இருந்தால் மேலே சொன்ன 265 கிடைக்காது.

ஜூன் 18

கியரைக் குறைத்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றுமே, சூடு கூடாதா என்று கேள்வி.

ஏறும்போது நேர்மாறு. சுற்று கூடினால் தண்ணீர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், கூலன்ட் வேகமாக ஓடும். மேல் கியரில் 1,500 சுற்றில் மூச்சுத் திணறி ஏறும்போதுதான் டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் சூடு கூடும். டிரெய்லர் இழுக்கும்போது போடுகிற டோ-ஹால் பட்டனை அழுத்துங்கள், வண்டி அதுவாகவே கீழ் கியரைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் கேட்டுப் பயப்படாதீர்கள்.

மேலே போய் நின்றதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். மூன்று நான்கு நிமிடம் சும்மா ஓடட்டும். டர்போ தணலாகக் காய்ந்திருக்கும். எண்ணெய் ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கிற எண்ணெய் கரியாகிவிடும். நிறுத்துகிற இடத்தில் காய்ந்த புல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்கிற நேரமாக இருந்தால் புகைக்குழாய்ப் பக்கம் 1,000 டிகிரிக்கு மேலே இருக்கும். டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி தரையில் உரசி பொறி பறந்தும் இங்கே காட்டுத்தீ பிடிக்கிறது. சங்கிலி தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 20, இரவு 11

பத்து நாளாக இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்தச் சாலையில் ஷோல்டரில் நிற்கிற டிரெய்லர்களைப் பாருங்கள். பெரும்பாலும் டயர்தான்.

2021 ஆகஸ்ட். குவார்ட்சைட் போகிற ஐ-10-ல், டோனோபா தாண்டி. சமவெளி, ஏற்றமே கிடையாது, இன்ஜின் 198-ல் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. பின்னால் "டப்" என்று ஒரு சத்தம், அப்புறம் தகரத்தை யாரோ சாட்டையால் அடிக்கிற மாதிரி தொடர்ச்சியாக. கண்ணாடியில் கறுப்பாக ஏதோ பறந்தது. டிரெய்லரின் இடது முன் டயர். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் டயரின் மேல் பட்டை முழுக்க உரிந்து, கம்பி நீட்டிக்கொண்டு, சக்கரக் கூட்டின் அடித்தகட்டைக் கிழித்து, பிரேக்குக்குப் போகிற ஒயரையும் அறுத்திருந்தது. காற்றில் எரிந்த ரப்பர் நாற்றம்.

முழங்காலை ஊன்றினேன், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. இங்கே கோடையில் தார்ச்சாலை 150, 160 டிகிரி தாண்டும். ஃபீனிக்ஸ் தீக்காய மருத்துவமனையில் ஒவ்வொரு கோடையும் தரையில் விழுந்து வெந்தவர்களைச் சேர்க்கிறார்கள், இதை இலேசாக எடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். பாட்டில் ஜாக்கை வைத்து ஏற்றினால் டிரெய்லர் மேலே வரவில்லை, ஜாக் இளகிய தாருக்குள் இறங்கியது. பலகை கொண்டுபோகவில்லை. வழியில் போன ஒரு பெரியவர் நிறுத்தி, இரண்டடிப் பலகை ஒன்று கொடுத்து, தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பலகை இன்னும் என் வண்டியில் இருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். என்னுடையதில் 2214. 2014-ம் வருடத்தின் 22-வது வாரம். ஏழு வருடப் பழைய டயர். பார்க்கப் புதிது மாதிரி, மேல் பட்டை தேயவே இல்லை. டிரெய்லர் வருடத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நின்றே அதன் டயர் செத்துப்போகிறது. விற்றவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஜூன் 21, காலை

அதில் ஒன்று விட்டுப்போனது. ஒரு டயர் போனால் அதே பக்கத்து இன்னொரு டயர், நீங்கள் நிறுத்துகிற வரைக்கும் இரண்டு டயர் பாரத்தைச் சுமந்திருக்கும். அதுவும் உள்ளே அடிபட்டிருக்கும். நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பினேன். 40 மைல் போனதும் அடுத்ததும் போனது. ஒன்று போனால் அந்தப் பக்கம் இரண்டையும் மாற்றுங்கள்.

ஜூன் 23

"மதியம் பார்த்தேன், 80 பிஎஸ்ஐ காற்று போட்ட டயர் 92 காட்டியது, 12 இறக்கிவிட்டேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

தயவுசெய்து மறுபடி ஏற்றிவிடுங்கள், இன்றைக்கே. டயரில் போட்டிருக்கும் 80 என்பது குளிர்ந்த நிலைக்கு. காலையில், ஒரு மைல்கூட ஓடுவதற்கு முன்னால், நிழலில் அளக்கணும். ஓடும்போது உள்ளே இருக்கிற காற்று 80 டிகிரியிலிருந்து 150-க்கு ஏறினால், கணக்குப்படியே 12 பிஎஸ்ஐ கூடும். டயர் செய்தவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். சூட்டில் இறக்கினால் டயர் அதிகமாகத் தொய்ந்து மடங்கும், மடங்க மடங்க இன்னும் சூடாகும், இன்னும் தொய்யும். வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைந்த டயர்தான்.

வேகமும் பாருங்கள். எஸ்டி என்று போட்டிருக்கும் டிரெய்லர் டயர்களில் பழையவை பலவும் 65 மைலுக்குத்தான். வேக எழுத்து எதுவும் இல்லையென்றால் 65 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 75-ல் சுகமாகப் போகிறது என்று டிரைவருக்குத் தோன்றும், பின்னால் இருக்கிற டயருக்கு அது தெரியாது.

எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்புவது பற்றிக் கேட்டவருக்கு: நானும் வைப்பேன். அதை டயருக்கு அடியில் வைக்கக் குனியும்போது அந்த நாலு எண்ணையும் படித்துவிடுங்கள்.

ஜூன் 25

எடை. இழுக்கிற எடையை மட்டும் பார்க்கிறார்கள், தாங்குகிற எடையைப் பார்ப்பதில்லை. 11,000 பவுண்டு டிரெய்லரில் 10 முதல் 15 சதவீதம், பிக்கப்பில் டிரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் மேல் இறங்கும், அதாவது 1,100-லிருந்து 1,650 வரை. அது உங்கள் பிக்கப் சுமக்கிற சாமானாகக் கணக்கில் வரும். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் எத்தனை பவுண்டு தாண்டக் கூடாது என்று போட்டிருக்கும். டீசல் இன்ஜின் கனம், அதனாலேயே முக்கால் டன் டீசலில் அந்த எண் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கும். கிளம்புவதற்கு முன் லாரி நிறுத்தத்தில் இருக்கிற கேட் ஸ்கேல் என்கிற எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போக வேண்டாம். கேலனுக்கு எட்டு பவுண்டுக்கு மேல், மலையில் தண்ணீர் கிடைக்கும்.

ஜூன் 26, இரவு

இறக்கத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

என் அப்பா லாரி டிரைவர். சேலம் தர்மபுரி வழியில் தொப்பூர் கணவாயில் எத்தனையோ வருடம் ஓட்டினவர். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற வண்டிகள்தான் அங்கே பெரும்பாலும் அடிபடும். "ஏறுற கியர்லயே இறங்கு" என்பார். நான் முதல் தடவை டிரெய்லர் மாட்டிக்கொண்டு கேம்ப் வெர்டே இறக்கத்தில் போன அன்று மாலை போனில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பிரேக் நாத்தம் வந்துச்சா?"

வந்தது. அன்றைக்கு எக்ஸாஸ்ட் பிரேக் பட்டன் எங்கே இருக்கிறது என்றே பார்க்காமல் இறங்கினேன். டீசலில் அது ஒரு வரம், டர்போவே புகையை அடைத்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டோ-ஹால் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, மேலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்கினால், காலால் பிரேக் தொடுவது மொத்தமே ஐந்தாறு தடவைதான். தொட்டால் அழுத்தித் தொட்டு விடணும், காலை வைத்துக்கொண்டே வரக் கூடாது. டிரெய்லரின் மின்சார பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று கிளம்பும் முன் காலி இடத்தில் 20 மைலில் சோதியுங்கள்.

ஜூன் 29

சின்னச் சின்னதாக விட்டுப்போனவை. டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற டிஇஎஃப் திரவக் கேன்களை வண்டிப் பெட்டியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், 95 டிகிரியில் வைத்தால் ஆயுள் ஏறத்தாழ ஆறு மாதம்தான், ஃபீனிக்ஸ் வெயிலில் பெட்டிக்குள் அதைவிட மோசம். பேட்டரி இரண்டையும் சோதியுங்கள், இங்கே இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம். ஆளுக்கு ஒரு கேலன் குடிதண்ணீர், குழந்தைகளுக்குத் தனியாக, கை எட்டும் இடத்தில். குடை ஒன்று. பலகை ஒன்று. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று, துப்பாக்கி மாதிரி இருக்கும், விலை அதிகமில்லை. நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் டிரெய்லரின் நாலு டயரையும் நாலு ஹப்பையும் (சக்கரத்தின் நடுக் குடம்) அளந்து எழுதிவையுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, மற்ற மூன்றோடு ஒன்று மட்டும் ஒத்துப்போகாமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வெயில் படுகிற பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள். ஐந்தேமுக்காலுக்குள் பிளாக் கேன்யன் சிட்டி.

ஜூலை 6, இரவு

கேள்வி கேட்டவர் ஃபிளாக்ஸ்டாஃப் போய்ச் சேர்ந்துவிட்டார், மிகுந்த சந்தோஷம். அவர் எழுதியதன் சுருக்கம்: போன வாரம் முன்பக்கத்தைக் கழற்றிக் கழுவினார், ஒரு வாளி நிறையக் குப்பை. நாலு டயரும் 2016, நாலையும் மாற்றினார். 4.40-க்குக் கிளம்பினார், ஏற்றத்தில் 48 மைல், ஏசி ஓடிக்கொண்டே, அதிகபட்சம் 211. பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்தார்கள்.

சன்செட் பாயின்ட்டில் அளந்த எண்களையும் போட்டிருக்கிறார். டயர்கள் நாலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஹப்: வலது முன் 118, வலது பின் 121, இடது பின் 119, இடது முன் 158. "இடது பக்கம் வெயில் பட்டிருக்கும், விட்டுவிட்டேன்" என்கிறார்.

இல்லை. காலை ஆறு மணிக்கு வடக்கே போகிறீர்கள். சூரியன் வலது பக்கம். இடது பக்கம் முழுக்க நிழலில் இருந்திருக்கும். அந்த ஹப்பில் ஏதோ இருக்கிறது: பேரிங் இறுகியிருக்கலாம், கிரீஸ் காய்ந்திருக்கலாம், இல்லை பிரேக் உரசிக்கொண்டே வரலாம். டிரெய்லரை ஊன்றி அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஜூலை 8

சுற்றிப் பார்த்தாராம். கரகரவென்று சத்தம், மூடியைக் கழற்றினால் கிரீஸ் கறுத்து, தார் மாதிரி. உள் பேரிங்கின் உருளைகளில் நீல நிறம் ஏறியிருக்கிறதாம். நீலம் என்றால் நன்றாகக் காய்ந்திருக்கிறது, கழுவிக் கிரீஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம். உள், வெளி இரண்டு பேரிங்கும், அவை உட்காருகிற வளையங்களும், சீலும் சேர்த்து மாற்றுங்கள். மற்ற மூன்று ஹப்பையும் திறந்து பாருங்கள், ஒரே கையில் ஒரே நாளில் போட்ட கிரீஸாகத்தான் இருக்கும். அச்சுத் தண்டில் நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். கீறல் நகத்தில் மாட்டினால் படம் எடுத்துப் போடுங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை டிரெய்லரை நகர்த்த வேண்டாம்.